சுவருக்கு விட்ட ஒன்பது அங்குலம்

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அளக்க ஆரம்பித்துவிடுவார். "வாங்கக்கா, உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டால் நாற்காலியை அளப்பார். நிலைக்கதவில் கையை விரித்து வைத்துச் சாண் போட்டு, உதட்டுக்குள் என்னவோ கணக்கு முணுமுணுத்து, அதற்கப்புறம்தான் உள்ளே கால் வைப்பார். கழுத்தில் எந்நேரமும் இஞ்சு டேப் தொங்கும். கட்டில், பீரோ, சைக்கிள், தண்ணீர் டிரம், ஒன்றையும் விடமாட்டார். போன மாதம் ஒரு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஆளையே தலைமுதல் கால்வரை அளந்து எழுதிக்கொண்டார். அந்த மனிதர் திடுக்கிட்டு விழித்தபோது நெஞ்சின்மேல் டேப் கிடந்தது. "பயப்படாதீங்க, கட்டிலுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஆளுக்கு அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

அளவு அக்கா என்றுதான் அந்தப் பகுதியில் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது, அதோடு சரி. வயது ஐம்பத்திரண்டு. தொழில் தையல். சரக்கு ரயில் கொட்டகைக்குப் பின்னால் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் தகர வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறார். ஒரே அறை. தையல் மிஷினைப் போட்டால் ஆள் படுக்க முடியாது, ஆள் படுத்தால் மிஷினுக்கு இடமில்லை. வீட்டுக்காரர் லாரி டிரைவர், ஆறடிக்குக் குறையாத உடம்பு. தான் லாரி ஓட்டப் போனதே காலை நீட்டித் தூங்கத்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். துணி வெட்டும் மேசை வெளியே, தகரச் சாய்ப்புக்குக் கீழே நிற்கிறது. ஆறரை அடி நீளம். திரைச்சீலைதான் அக்காவுக்குப் பெரிய வரும்படி, அதற்கு இந்த நீளம் இல்லாமல் முடியாது. மழை வந்தால் தார்ப்பாய் முதலில் மேசைக்குத்தான். வீட்டுக்காரர் நனைந்தால் துவட்டிக்கொள்வார் என்பது அக்காவின் கட்சி.

தையலோடு நின்றிருந்தால் அக்காவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தகர வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு வீட்டுச் சங்கம் ஆரம்பித்தார்கள். நகராட்சி, லாரிகள் நின்றுகொண்டிருந்த பழைய திடலைக் கொடுத்தது. ஒரு அறக்கட்டளை, வரைபடம் போட ஆளைக் கொடுத்தது. வங்கி கடன் கொடுத்தது. மிச்சத்தைச் சங்கத்துக்காரர்கள் கையால் கொடுக்க வேண்டும். அதாவது விடுமுறை நாளில் வீட்டுக்கு ஒருவர் வந்து கல் சுமக்க வேண்டும், மணல் சலிக்க வேண்டும், கட்டின சுவருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எந்த வீடு யாருக்கு என்பதெல்லாம் பிறகு. முதலில் எல்லோர் வீட்டையும் எல்லோரும் சேர்ந்து கட்டியாக வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நேற்றுவரை குழாயடியில் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் ஒரே சட்டியில் சிமென்ட் தூக்குவது என்ன பாடு என்று தூக்கிப் பார்த்தவர்களைக் கேட்க வேண்டும்.

வரைபடம் போட வந்தது கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண். எல்லோருக்கும் பிளான் தங்கச்சி. முதல் கூட்டத்தில் மேசை நிறையக் காகிதத்தை விரித்து, இது முன்னறை, இது சமையல், இது குளியல் என்று விரலால் காட்டிக்கொண்டே போனாள். புரிந்த மாதிரியே அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் ஆட்டவில்லை. "இதுல என் மிஷின் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். தங்கச்சி பேனாவால் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினாள். கடுகு அளவு இடம். அக்கா அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். இடுப்புப் பையிலிருந்து துணியில் கோடு போடும் சாக் கட்டியை எடுத்தார். திடலின் சிமென்ட் தரையில் அந்த வீட்டை முழு அளவில் வரைய ஆரம்பித்தார். ஒரு அறை முடிவதற்குள் சாக் கட்டி தேய்ந்து தீர்ந்துபோனது. யாரோ ஓடிப்போய் ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கிவந்தார்கள். வரைந்து முடித்ததும் நான்கு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிவந்து உள்ளே போட்டார்கள். கட்டில் போட்டதும் கதவு திறக்கவில்லை. அன்றைக்குத்தான் தனக்குப் படிப்பு முடிந்தது என்று தங்கச்சி இன்றைக்கும் சொல்வாள்.

அதிலிருந்து சங்கத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. காகிதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது கிடையாது. கோட்டு வீட்டில் ஒரு மணி நேரம் குடித்தனம் நடத்திப் பார்க்க வேண்டும். கட்டில் பீரோவோடு வர வேண்டும், குடும்பத்தில் ஒருவர் விடாமல் வர வேண்டும். அந்தக் கூத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். வெட்டவெளியில் உட்கார்ந்து இல்லாத அடுப்பில் தேநீர் போடுவார்கள். ஒரு புதுமாப்பிள்ளை, கோட்டுக் குளியலறைக்குள் போய் நின்றுகொண்டு, யாரும் பார்க்காதீர்கள் என்று கூச்சப்பட்டான். கட்டிலில் யார் சுவரோரம் என்று ஒரு தம்பதிக்குள் நிஜமான சண்டையே வந்து, பொண்டாட்டி கோட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அக்கா இந்தச் சிரிப்பில் எல்லாம் சேரமாட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தபடி நிற்பார். குறுக்கே யாராவது கோட்டைத் தாண்டி நடந்தால் மட்டும் குரல் வரும். "சுவத்துல நடக்காதீங்க. கதவு எதுக்கு இருக்கு?"

இப்படிக் கறாராக இருந்த அக்காதான், முதல் கட்டடத்தில் எல்லோரையும் குழியில் தள்ளினார்.

தங்கச்சி போட்ட வரைபடத்தில் அளவெல்லாம் ஒரு சுவரின் நடுவிலிருந்து அடுத்த சுவரின் நடுவுக்கு. அந்தத் தொழிலில் அது பாலபாடம், தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அக்காவுக்குக் கோடு என்றால் கோடு. காகிதத்தில் இருந்த அளவுக்கு ஒற்றைக் கோடாகப் போட்டு, அந்தக் கோடுதான் சுவர் என்று இருபத்து நான்கு குடும்பத்தையும் குடிவைத்துக் காட்டினார். சாக்பீஸ் கோட்டுக்குக் கனம் கிடையாது. செங்கல் சுவருக்கு ஒன்பது அங்குலம். இந்தப் பக்கச் சுவர் தன் பாதியைத் தின்றது, அந்தப் பக்கச் சுவர் தன் பாதியைத் தின்றது. கட்டடம் எழும்பி, ஆட்கள் சாமான்களோடு வந்தபோது, வீட்டுக்கு வீடு ஒன்பது அங்குலத்தைக் காணோம்.

கட்டிலைத் திருப்பிப் போட்டுச் சமாளித்தவர்கள் சமாளித்தார்கள். பீரோவைத் தம்பி வீட்டுக்குத் தள்ளியவர்கள் தள்ளினார்கள். இஸ்திரி அண்ணனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜன்னலோரம் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகத் துணி தேய்க்கும் மேசையைப் போட்டு, நின்ற இடத்திலேயே வேலை பார்க்கலாம் என்று கோட்டு வீட்டில் போட்டுப் பார்த்து, மனசு நிறைந்து கையெழுத்துப் போட்டவர். இரண்டு நாள் மேசை வராந்தாவிலேயே நின்றது. மூன்றாம் நாள் ஒரு ரம்பம் வாங்கிவந்து, தன் கையாலேயே ஒரு முனையை அறுத்துவிட்டார். அக்கா ஓடினார். கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இஸ்திரி அண்ணன் மரத்தூளைத் தட்டிவிட்டு, "பரவால்ல, பெரிய துணியை இன்னொரு மடிப்பு மடிச்சு தேய்ச்சுக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அக்கா திரும்பித் திட்டிவிட்டு மறந்திருப்பார். இந்தப் 'பரவால்ல' உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அக்காவுக்கு ஆறாதது இன்னொன்று. எந்தத் துணியை வெட்டினாலும் தையலுக்கு அரை அங்குலம் விட்டுத்தான் வெட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் அந்த அரை அங்குலம் தப்பாது. "துணிக்குத் தையல் விடத் தெரிஞ்சவளுக்குச் சுவத்துக்கு விடத் தெரியலையே" என்று தலையில் அடித்துக்கொள்வார். ஐந்து வருஷமாக அடித்துக்கொள்கிறார்.

அறுத்து விழுந்த துண்டுப் பலகையை அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொண்டார். விறகுக்கு என்று இஸ்திரி அண்ணன் நினைத்தாராம். சரியாக ஒன்பது அங்குலம். அதுதான் இப்போது அக்காவின் சுவர். டேப்போடு, சாக்பீஸோடு அந்தப் பலகையும் பையில் கிடக்கும். தரையில் பலகையைப் படுக்கப்போட்டு, அதற்கு இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு என்று இழுத்துக்கொண்டே போவார். இரண்டு கோட்டுக்கும் நடுவில் யாராவது கால் வைத்தால் தொலைந்தார்கள். அந்தப் பலகையில் ஒரு பக்கம் இஸ்திரிப் பெட்டி சுட்ட கறுப்புத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்போது இரண்டாவது கட்டடம். நான்கு மாடி, மாடிக்கு எட்டு வீடு, முப்பத்திரண்டு குடும்பம். பட்டியலில் முதல் எண் அக்காவுடையது. உண்மையில் முதல் கட்டடத்திலேயே அவருக்கு எண் விழுந்தது. அளவு எடுக்கிறவளே முதலில் போய்க் குடியேறினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, வேறொரு குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். வீட்டுக்காரர் அதை இன்றைக்கும் குத்திக்காட்டுவார். இந்த முறை அக்கா தன் இடத்தை மனசுக்குள் நூறு தரம் போட்டுப் பார்த்து வைத்திருந்தார். முன்னறை உள்ளளவு பத்தடி. ஜன்னல் சுவரோரம் மிஷின், மூன்றேகால் அடி. அதை ஒட்டி மேசை, ஆறரை அடி. ஆக ஒன்பதே முக்கால். மூன்று அங்குலம் மிச்சம், கத்தரிக்கோல் மாட்ட ஆணி அடிக்கலாம். வேறெப்படி மேசையைப் போட்டாலும் கட்டில் நுழையாது, அதையும் பார்த்தாயிற்று. மழையை நினைக்காமல் ஒரு திரைச்சீலையை வெட்ட வேண்டும். இவ்வளவுதான் அவருடைய ஆசை.

போன மாதம் நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. திடலுக்குப் பக்கத்துச் சாலையை அகலப்படுத்தப்போகிறார்கள், கட்டடத்தின் நீளத்தில் எட்டடி குறைக்க வேண்டும். மனு கொடுத்தார்கள், ஊர்வலமாகப் போய் நின்றார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பிளான் தங்கச்சி மூன்று நாள் உட்கார்ந்து இரண்டு வழி கொண்டுவந்தாள். ஒன்று, மாடிக்கு ஒரு வீட்டைக் குறைத்துவிட்டு, மற்ற வீடுகளை அப்படியே கட்டுவது. அப்படியானால் பட்டியலில் கடைசி நான்கு குடும்பம் வெளியே. அடுத்த கட்டடம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, எட்டு வீட்டையும் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு ஒரு அடி அகலத்தைக் குறைப்பது. பத்தடி ஒன்பதடி ஆகும். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதடி வீட்டை வரைந்து குடியிருந்து பார்த்துவிட்டு, கை தூக்கி முடிவு செய்வது என்றானது. பட்டியலில் முதல் ஆள்தான் முதலில் குடியிருந்து காட்டுவது வழக்கம். முதல் ஆள் அக்கா.

சங்கம் இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒரு அடிதானே என்றார்கள் சிலர். பேக்கரிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. ரொட்டி சுடும் அடுப்பின்முன் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வருகிற மனிதர், கெட்டவர் இல்லை. "எனக்கு வீட்டுல அஞ்சு பேரு, அக்கா. ஒரு அடின்னா என் ஒரு பிள்ளையோட படுக்கை. எந்தப் பிள்ளைன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் வீட்டில் ஐந்து பேரும் எப்படிப் படுக்கிறார்கள் என்று அளந்து எழுதினவர் அக்காதானே.

கடைசி எண், முப்பத்திரண்டு, டிப்போவில் பஸ் கழுவும் பெண்ணுடையது. புருஷன் இல்லை, இரண்டு மகள்கள். ஒரு பழைய மாடி வீட்டில் படிக்கட்டுக்கு அடியில் குடியிருக்கிறாள். வாசலில்தான் நிமிர்ந்து நிற்கலாம், உள்ளே போகப்போகக் குனிய வேண்டும், கடைசியில் தவழ வேண்டும். அங்கே அளவெடுக்கப் போன அன்று அக்காவுக்கே நெற்றியில் இடித்துக் குமிழ் விட்டுவிட்டது. மகள்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு தழும்பு. பெரியவள் உயரமாகிக்கொண்டு வருகிறாள், அதுதான் தாய்க்குக் கவலை. வளருகிற பிள்ளையைப் பார்த்துக் கவலைப்படும் அம்மாவை அக்கா வேறெங்கும் பார்த்ததில்லை. சங்கத்தில் கடைசியாகச் சேர்ந்தவள், ஆனால் ஒரு விடுமுறை நாள் வேலைக்குக்கூடத் தவறியதில்லை. தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்தால் சுவரில் ஒரு கல் காயாது. முதல் கட்டடத்தில் பாதிச் சுவர் அவள் நனைத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் சாய்ப்புக்குக் கீழே வந்து நின்றாள். அக்கா துணி வெட்டிக்கொண்டிருந்தார். அவள் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. முன்ன போட்ட மாதிரி ஒத்தைக் கோடா போட்டீங்கன்னா, எல்லாரும் சரின்னு கை தூக்கிடுவாங்க."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கேட்டதற்காக இல்லை. இரண்டு நாளாகத் தானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். சுவருக்கு இடம் விடாமல் ஒற்றைக் கோடு போட்டால், ஒன்பதடி வீடு ஒன்பதே முக்கால் அடியாகத் தெரியும். மிஷினும் மேசையும் அச்சாக உட்கார்ந்துவிடும். முதல் ஆள் வீடே அடங்கிவிட்டது என்றால் யார் மறுப்பார்கள்? நான்கு குடும்பம் உள்ளே வந்துவிடும். செய்யாத காரியமும் இல்லை, ஒருதரம் தெரியாமல் செய்ததுதான். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, போய்ப் பிள்ளைகளுக்குச் சமைக்கச் சொல்லி அவளை அனுப்பிவைத்தார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்படி அரைகுறையாக அனுப்பியது அவருக்கே பிடிக்கவில்லை.

வீட்டுக்காரர் லாரியிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னார். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, நல்லதுக்குத்தானே, போட்டுவிடு என்றார். ஐந்து வருஷமாகப் பொண்டாட்டியின் நேர்மையில் மழைக்கு நனைகிற மனிதர், அவர் அப்படித்தான் சொல்வார். அக்கா துணியை மடித்துக்கொண்டே, "கோடு கேக்கும்ங்க. நாளைக்குச் சுவர் வந்து நிக்கும்ல, அது கேக்காது. அப்ப பேக்கரிக்காரர் பிள்ளையை எங்க படுக்கவைப்பார்?" என்றார். வீட்டுக்காரர், அப்படியானால் அந்தப் பஸ் கழுவுகிற பெண் எங்கே போவாள் என்று திருப்பிக் கேட்டார். அன்றைக்கு அக்கா ஒரு ஜாக்கெட்டுக்குக் கழுத்தையே தப்பாக வெட்டிவிட்டார். முப்பது வருஷத்தில் முதல்முறை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் சேருவதற்கு முன்பே அக்கா திடலுக்குப் போய்விட்டார். தரையைப் பெருக்கினார். டேப்பை நீட்டி இரண்டு முனையிலும் கல் வைத்தார். குனிந்து, முதல் கோட்டை இழுத்தார். பத்தடி தூரத்தில் குழாயடியில் வாளியோடு பஸ் கழுவும் பெண் நின்றுகொண்டிருந்தாள். பெரிய மகளும் கூட நின்றாள். மகள் ஏற்கனவே அம்மா தோளுக்கு வந்துவிட்டாள். அக்கா அவர்களை ஒருதரம் பார்த்தார். ஒற்றைக் கோட்டைப் பார்த்தார். சாக்பீஸ் அவர் கையில் இரண்டாக ஒடிந்தது. பிறகு பைக்குள் கையை விட்டு, பலகையை எடுத்துக் கோட்டின்மேல் படுக்கப்போட்டார். பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு. பஸ் கழுவும் பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா நான்கு சுவரும் முடியும்வரை நிமிரவில்லை.

ஒன்பது மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். முதல் கட்டடத்து ஆட்களும் வேடிக்கை பார்க்க இறங்கிவந்தார்கள், இஸ்திரி அண்ணன் உட்பட. வீட்டுக்காரரும் இன்னும் மூன்று பேரும் கட்டிலைத் தூக்கிவந்து போட்டார்கள். கட்டில் அடங்கியது. மிஷின் வந்தது, ஜன்னல் கோட்டோரம் உட்கார்ந்தது. அடுத்தது மேசை. ஒரு முனையை மிஷினோடு ஒட்டி வைத்தார்கள். மறுமுனை உள்கோட்டைத் தாண்டி, சுவரைக் குறுக்கே கடந்து, பக்கத்து வீட்டின் எல்லையில் போய் நின்றது. முழுசாக ஒன்பது அங்குலம் சுவருக்குள் இருந்தது.

பேக்கரிக்காரர் முதலில் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். இனி எதற்குக் கை தூக்க வேண்டும், கண்ணாலேயே பார்த்தாயிற்றே என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். பிளான் தங்கச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். படிக்கட்டுக்கு அடியில் குடியிருப்பவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டாள்.

அக்கா கதவு வழியாக, கோட்டைத் தாண்டாமல், உள்ளே வந்தார். மேசையைச் சுற்றி நடந்தார். அதன் பரப்பை உள்ளங்கையால் ஒருதரம் தடவினார், முப்பது வருஷம் துணி ஓடி ஓடி வழவழத்துப் போன பலகை. ஐந்தே முக்கால் அடி மேசையில் திரைச்சீலையை இரண்டாக மடித்துத்தான் வெட்ட முடியும். கண்ணளவு தப்பும், வேலை இரட்டிப்பாகும், சில வாடிக்கை போகும். இதெல்லாம் அவருக்கு ஒரு நொடியில் தெரியும். கூட்டத்தில் தேடி, இஸ்திரி அண்ணனைப் பார்த்தார்.

"அண்ணே, அந்த ரம்பம் இன்னும் இருக்கா?"

இஸ்திரி அண்ணன் எதற்கு என்று கேட்கவில்லை. விடுவிடுவென்று படியேறிப் போய், கொஞ்சம் துருப்பிடித்த அந்த ரம்பத்தோடு வந்தார். அவரும் கதவு வழியாகத்தான் வந்தார். ரம்பத்தை மேசைமேல் வைத்துவிட்டு, அறுக்கும்போது ஆடாமல் இருக்க, மறுமுனையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்காரர், "அடியே, என்ன பண்ற நீ?" என்று ஒரே ஒருதரம் கேட்டுவிட்டு, பிறகு தானும் வந்து மேசைக் காலைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா இடுப்புப் பையிலிருந்து தையல் சாக் கட்டியை எடுத்தார். டேப்பை வைத்து, முனையிலிருந்து ஒன்பது அங்குலத்தில் புள்ளி வைத்து, மேசையின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். துணிக்கு இழுப்பதைப் போலவே, ஒரே இழுப்பு.

பேக்கரிக்காரர் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் வந்தார். உள்ளே வராமல், கோட்டுக் கதவுக்கு வெளியிலேயே நின்றார். "அக்கா, கட்டிலை ஒன்னு மேல ஒன்னா போட்டா, மேல படுக்கிற பிள்ளைக்குத் தலை இடிக்காம உயரம் வருமா? வந்து கொஞ்சம் அளந்து சொல்லுங்களேன்" என்றார். பஸ் கழுவும் பெண் மகளின் கையைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"இதோ வரேன், ஒரு நிமிஷம்" என்றார் அக்கா. ரம்பத்தைக் கையில் எடுத்தார். அதன் பல்லை விரல் நுனியால் தொட்டு, எவ்வளவு கனம் என்று பார்த்தார். பிறகு ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி குனிந்து, போட்ட கோட்டுக்குப் பக்கத்தில், ரம்பம் தின்னும் கனத்துக்கு ஒரு நூல் தள்ளி, இன்னொரு கோடு போட்டார்.